வலி போன பிறகும் முழங்காலுக்குள் நடக்கும் வேலை

கல்லூரியில் ஜூடோ பயிலும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பயிற்சியின்போது என்னை வீழ்த்த வந்த தோழி என் முழங்கால் மேலேயே விழுந்துவிட்டாள். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. வலி இல்லை, வீக்கம் இல்லை. மாடிப்படி ஏறுகிறேன், மெதுவாக ஓடவும் செய்கிறேன். பயிற்சியாளர் களத்துக்கு வரச் சொல்கிறார். மருத்துவரோ இன்னும் ஐந்து மாதம் பொறுக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

மருத்துவர் சொல்வதைத்தான். ஏன் என்பதை நோயாளியை உட்காரவைத்து விளக்க நம் மருத்துவமனைகளில் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் இத்தனை பேர் நான்காம் மாதத்தில் தடுமாறுகிறார்கள். அந்த விளக்கம் மனித உடலைப் பற்றி நான் படித்தவற்றுள் மிக அழகான ஒன்று. அதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தின் நடுவே இரண்டு ஜவ்வுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. முன்னால் இருப்பது ஏ.சி.எல். நீளம் சுமார் 3 செ.மீ., அகலம் 1 செ.மீ. அளவு. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துவைப்பது இதுதான். இளம் வயதினரின் ஏ.சி.எல்.லைச் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, அறுவதற்குச் சுமார் 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

இவ்வளவு வலுவானது மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் கபடியிலும் ஏன் கிழிகிறது? பாதம் விரிப்பில் ஊன்றியிருக்கிறது, உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் எதிராளியின் உடல் முழங்காலின் வெளிப்பக்கத்தில் வந்து மோதுகிறது. முழங்கால் உள்பக்கமாக மடிகிறது, பாதம் நகராததால் கீழ்க்கால் திருகுகிறது. வேறு விளையாட்டுகளில் இந்தக் காயம் பதிவான வீடியோக்களை ஆராய்ந்தவர்கள், பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள் கிழிசல் நேர்கிறது என்று கணித்திருக்கிறார்கள். தொடைத் தசை ஆபத்தை உணர்ந்து இறுகுவதற்கு அந்த நேரம் போதாது. ஆகவே “கவனமாக இருந்திருக்கலாமே” என்று காயம்பட்டவரைக் குறைசொல்வதில் பொருளே இல்லை. “டப்” என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பலர் சொல்வார்கள். சில மணி நேரத்துக்குள் முழங்கால் உப்பிவிடும். உள்ளே நிறைவது பெரும்பாலும் ரத்தம்.

அந்த நேரத்தில் நம் ஊரில் நடப்பது எனக்குக் கவலை தருகிறது. எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள், இழுத்து “சரிசெய்வார்கள்”, இறுக்கமாகக் கட்டுப் போட்டுவிட்டு, திருஷ்டியும் கழிப்பார்கள். திருஷ்டி கழிப்பதால் முழங்காலுக்குக் கேடு இல்லை. நீவுவதால் உண்டு. ஏ.சி.எல். மூட்டின் நடுவில் இருக்கிறது. வெளியிலிருந்து எந்த விரலும் அதைத் தொட முடியாது. உடன் கிழிந்த மெனிஸ்கஸ் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) மூட்டுக்குள் மடங்கிச் சிக்கியிருந்தால், வலுக்கட்டாயமாக நீட்டுவது அதை மேலும் சிதைத்துவிடும். ஆட்டத்தை நிறுத்தி, காலைச் சற்று உயர்த்திவைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை. கால் பிறழ்ந்து கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டு வெளுத்தாலோ, ரத்தக்குழாய் நசுங்கியிருக்கலாம். அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அடுத்த கேள்வி: கிழிந்ததை ஏன் தைத்துவிடக் கூடாது? 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலில் அதைத்தான் செய்தார். ஆனால் அந்த முறை பலருக்கு நிலைக்கவில்லை. தோலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து இரு விளிம்புகளுக்கும் இடையே பாலம் அமைக்கிறது, அந்தப் பாலத்தின் வழியே செல்கள் நடந்துபோய் இடைவெளியை நிரப்புகின்றன. ஏ.சி.எல்.லோ மூட்டுத் திரவத்தில் மூழ்கிக் கிடக்கிறது. அந்தத் திரவத்தில் உள்ள நொதிகள் உறைந்த ரத்தத்தைக் கரைத்துவிடுகின்றன. பாலம் நிற்பதில்லை. உடனே கரைந்துவிடாத பஞ்சு போன்ற ஒரு தாங்கியில் நோயாளியின் ரத்தத்தையே ஊற்றி அங்கே பொருத்தும் முறையை பாஸ்டனில் மார்த்தா மர்ரி உருவாக்கினார். 2020இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. இருப்பினும், உலகெங்கும் பெரும்பாலான இடங்களில் இன்றும் நடப்பது மாற்று ஜவ்வு பொருத்துவதுதான். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவை என்றும் நினைத்துவிட வேண்டாம். சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், முதலில் உடற்பயிற்சி சிகிச்சையோடு தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டு வரை அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் திருகலும் தூக்கியெறிதலுமாக இருக்கும் ஜூடோவுக்குத் திரும்ப விரும்புவோர் பெரும்பாலும் அறுவை சிகிச்சையையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, உள்பக்கத்தில் சிறிய வெட்டு. அதன் வழியாகத் தொடையின் பின்தசையிலிருந்து ஒரு தசைநாணை உருவி எடுக்கிறார்கள். ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. நீளம், வெண்மையாகப் பளபளக்கும். மேசையில் வைத்து ஒட்டியிருக்கும் தசைத் துணுக்குகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நான்காக மடித்து, முனைகளைத் தைத்து, இழுத்துப்பிடித்து வைக்கிறார்கள். துளைகள் இட்ட அளவுகோலில் நுழைத்துத் தடிமன் பார்க்கிறார்கள். 8 மி.மீ. இருந்தால் நிம்மதி. இரண்டு எலும்புகளிலும் சுரங்கம் துளைத்து, நாணை உள்ளே இழுத்து, திருகாணியாலோ சிறிய உலோகப் பொத்தானாலோ நிறுத்துகிறார்கள். நான்காக மடித்த நாணின் வலிமை, சோதனைக்கூடக் கணக்குப்படி, இயற்கையான ஏ.சி.எல்.லைவிட அதிகம். இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஏனென்றால் அது பொருத்திய நாளின் வலிமை. அதற்குப் பிறகு நாண் பலவீனமாகிறது.

அந்த நாண் தன் பழைய இடத்தில் தசையிடமிருந்தும் சுற்றியுள்ள திசுவிடமிருந்தும் ரத்தம் பெற்று வாழ்ந்தது. வெட்டியெடுத்த கணமே அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. முழங்காலுக்குள் நுழையும்போது அதற்கு உணவு கொண்டுவர ஓடுகிற ரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறிவரும் உணவைக் கொண்டு ஓரத்துச் செல்கள் சில தாக்குப்பிடிக்கின்றன. நடுவில் இருப்பவை முதல் சில வாரங்களில் மடிகின்றன. ஆனால் செல்கள் மடிந்தாலும் அவை வாழ்நாளெல்லாம் நெய்துவைத்த கொலாஜன் என்ற புரத இழைகள் அப்படியே நிற்கின்றன.

பிறகு புதியவர்கள் வருகிறார்கள். மூட்டின் உள்தோலிலிருந்தும், சில்லு எலும்புக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டிலிருந்தும், எலும்புச் சுரங்கங்களிலிருந்தும் செல்கள் கிளம்பி நாணின் மேல் ஊர்ந்து உள்ளே இறங்குகின்றன. ஆக்ஸிஜன் போதாமல் தவிக்கும் திசு, ரத்தக்குழாய்களை அழைக்கும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. நுண்ணிய குழாய்கள் வெளியிலிருந்து மையத்தை நோக்கி வளர்கின்றன. வந்தவர்கள் பழைய இழைகளை அரித்தெடுக்கிறார்கள், அதே நேரத்தில் புதிய இழைகளை இடுகிறார்கள். குடித்தனம் நடக்கும் வீட்டில், கூரையைத் தாங்கும் தூண்களை ஒவ்வொன்றாக மாற்றுவது போன்ற வேலை இது. பழையது போய்ப் புதியது முதிராத இந்தக் கட்டத்தில்தான் நாண் மிகவும் பலவீனமாக இருக்கிறது. விலங்குகளில் செய்த ஆய்வுகளில் ஆறாவது முதல் எட்டாவது வாரம் வரை மிகத் தாழ்ந்த வலிமை காணப்பட்டது. மனிதர்களில் செல்களின் இறப்பு அவ்வளவு முழுமையாக இருப்பதில்லை, ஆனால் மாற்றம் முடிய இன்னும் நீண்ட காலம் பிடிக்கிறது. ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுக்கு மேலும்.

நான் வியந்து நிற்பது இதற்கு அடுத்த கட்டத்தில். தசைநாணும் ஜவ்வும் ஒன்றல்ல. தசையை எலும்போடு இணைப்பது நாண், எலும்பை எலும்போடு இணைப்பது ஜவ்வு. இரண்டின் இழை அமைப்பும் வேதியியலும் வேறு. கலிபோர்னியாவில் டேவிட் அமியல் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், முயலின் சில்லு எலும்புக்குக் கீழுள்ள நாணை எடுத்து ஏ.சி.எல். இருந்த இடத்தில் பொருத்தினார்கள். அந்த நாணில் மூன்றாம் வகைக் கொலாஜன் இல்லை. ஏ.சி.எல்.லில் சுமார் 10 சதவீதம் உண்டு. முப்பது வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது, பொருத்திய நாணிலும் 10 சதவீதம் இருந்தது. செல்களின் தோற்றமும் ஜவ்வின் செல்களைப் போலவே மாறியிருந்தது. நாணாக உள்ளே போனது ஜவ்வாகிக்கொண்டிருந்தது! எந்த மருந்தும் அதற்கு ஆணையிடவில்லை. அது வாழும் இடமும், அதன்மேல் விழும் இழுவிசையும்தான் அதை மாற்றின. முழுமையாக மாறுவதில்லை என்பதும் உண்மை. நாணில் இருந்த தடித்த கொலாஜன் இழைகள் போய் மெல்லியவை வருகின்றன, தடித்தவை பிறகு பெரும்பாலும் திரும்புவதில்லை.

இழுவிசை என்றேனே, அங்கேதான் உடற்பயிற்சி சிகிச்சையின் பொருள் இருக்கிறது. நாணுக்குள் குடியேறிய செல்கள் தம்மேல் விழும் இழுப்பை உணர்கின்றன. இழுப்பு எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் இழைகளை அடுக்குகின்றன. இழுப்பே இல்லாவிட்டால் இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். அளவுக்கு மீறினால் முதிராத நாண் நீண்டு தளர்ந்துவிடும். ஆகவே ஐந்து மாதம் பொறுக்க வேண்டும் என்றால் ஐந்து மாதம் படுத்திருப்பது என்று பொருளல்ல. ஒவ்வொரு வாரமும் எவ்வளவு சுமை என்று அளந்து கொடுப்பதே சிகிச்சை.

இதில் தொடையின் முன்தசைக்குத் தனிக் கவனம் வேண்டும். மூட்டுக்குள் 20, 30 மில்லி திரவம் சேர்ந்தாலே போதும், முதுகுத்தண்டின் வழியாக ஓர் அனிச்சைத் தடை எழுந்து அந்தத் தசையை அடக்கிவிடுகிறது. தசையில் காயம் இல்லை, நரம்பு அறுபடவில்லை, ஆனாலும் இறுக்கச் சொன்னால் இறுகாது. சில வாரங்களில் தொடை இளைத்துவிடும். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து “அழுத்து” என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அந்த எளிய பயிற்சி, உறங்கிப்போன இந்தத் தொடர்பை மீண்டும் எழுப்பத்தான். தசை திரும்பாமல் களத்துக்குப் போனால், அடுத்த திருகலின் முழுச் சுமையையும் முதிராத அந்த நாணே தாங்க வேண்டியிருக்கும்.

வலி இவற்றுள் எதையும் சொல்வதில்லை. தோல் ஆறி, வீக்கம் வடிந்தால் வலி போய்விடும். நாணுக்குள் வேலை அப்போது பாதிகூட முடிந்திருக்காது. நார்வேயிலிருந்து 2016இல் வெளியான, 106 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஒன்பதாம் மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறுபடி முழங்கால் காயம்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது. தசை வலிமை, ஒற்றைக்கால் தாவல் போன்ற சோதனைகளில் தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேர் மீண்டும் காயம்பட்டார்கள். தேறியவர்களில் 5.6 சதவீதம் பேர் மட்டுமே.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டை வைத்து எதிர்வாதம் வரும் என்று தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்கால் பிறழ்ந்து ஸ்ட்ரெச்சரில் போனவர் அவர். 2023 ஆகஸ்ட்டில் பயிற்சியின்போது மீண்டும் முழங்காலில் காயம்பட்டு மும்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆறு மாதத்துக்குள், 2024 பிப்ரவரியில், ஜெய்ப்பூரில் தேசியப் போட்டியில் தங்கம் வென்றார். பாரிஸில் ஒரே நாளில் மூன்று பேரை வீழ்த்தினார். அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனால் அவரைச் சுற்றி ஒரு மருத்துவக் குழு இருந்தது. மேலும் ஒருவர் தப்பித்ததைக் கொண்டு மற்றவருக்கு நாள் குறிக்க முடியாது. சீக்கிரம் திரும்பி மறுபடி கிழிந்துபோனவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வருவதில்லை.

நம் குடும்பங்கள் கடன் வாங்கியாவது அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டிவிடுகின்றன. மாதக்கணக்கில் நீளும் பிசியோதெரபிக்குத்தான் பணமும் பஸ் வசதியும் இல்லாமல் போகிறது. பாதியில் நின்ற பிசியோதெரபி, பாதியில் நின்ற சிகிச்சைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் மாணவர்களைச் சேர்த்துக் கோப்பைகளைக் காட்சிக்கு வைக்கும் கல்லூரிகள் தலா ஒரு பிசியோதெரபிஸ்ட்டை நியமிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நார்வே 2004இலும் சுவீடன் 2005இலும் முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கின. தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊர் ஊராகக் கபடி நடக்கிறது. அங்கே கிழியும் முழங்கால்களையும் இதுபோல எண்ணிவைக்க ஆகும் செலவு, ஒரு விளையாட்டரங்கத்தின் வர்ணப்பூச்சுக்கு ஆகும் தொகைதான் இருக்கும்.

வாசகி இப்போதே களத்துக்குப் போகலாம், எதிராளி இல்லாமல். சட்டைப் பிடிக்கான கைப்பயிற்சி, கயிறு ஏறுதல், தோள், வயிற்றுத் தசைகளுக்கான வேலை எல்லாம் செய்யலாம். மருத்துவர் அனுமதித்த பிறகு, காலைத் திருகாமல், எதிராளியைத் தூக்கியெறியும் வீச்சின் நுழைவு அசைவைத் தனியாகப் பழகலாம். அடுத்து, நகராமல் நிற்கும் தோழியோடு. அதற்கும் அடுத்து, முன்கூட்டியே பேசிவைத்த வீச்சுகளை மட்டும். எந்தப் பக்கத்திலிருந்து யார் வருவார் என்று தெரியாத கட்டற்ற பயிற்சிச் சண்டை கடைசியில்தான். அதற்கு முன் காயம்பட்ட காலின் தொடை வலிமை மற்ற காலின் வலிமையில் 90 சதவீதத்தையாவது தொட்டிருக்க வேண்டும். இதைக் கருவியில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.