மாலத்தீவுக்கு அடியில் ஓர் எரிமலை

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலைப் பார்த்துவிட்டு, அது எரிமலை கக்கிய குழம்பு என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. மகாராஷ்டிரத்துக் கரிசல்தான் எரிமலைப் பாறை பொடிந்து வந்தது. நம்முடையது இங்கேயே கிடக்கும் நைஸ் (gneiss) என்ற பழைய உருமாறிய பாறை மக்கி உண்டானது. திருநெல்வேலிச் சீமைக்கு எரிமலை உறவு வேண்டுமென்றால் கடல் பக்கம்தான் போக வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருட்களும் ஏற்றிப் போகும் மாலத்தீவு, அணைந்துபோன எரிமலைகளின் தலைமேல் இருக்கிறது.

பூமியின் ஆழத்திலிருந்து சில இடங்களில் சூடான பாறை மெல்ல மேலெழுகிறது. அது குழம்பல்ல, திடப்பாறைதான். மேலே வர வர அழுத்தம் குறைகிறது. சூடு அவ்வளவாகக் குறைவதில்லை. அதனால் பாறையில் ஒரு பகுதி உருகி, மேலோட்டைத் துளைத்து வெளியே வருகிறது. இந்த இடம்தான் வெப்பப்புள்ளி. அது ஏறக்குறைய அங்கேயே நிற்க, மேலே நிலத்தட்டு, அதாவது பூமியின் மேலோட்டுப் பாளம், நகர்கிறது. தையல் மெஷினில் ஊசி நிற்க, துணி நகர நகரத் தையல் விழுவதுபோல எரிமலைகள் வரிசையாக விழுகின்றன. ஹவாய்த் தீவுகளை வைத்து 1963இல் இதைச் சொன்னவர் கனடாவின் புவியியலாளர் டூசோ வில்சன்.

நமக்கு அருகில் உள்ள வெப்பப்புள்ளி இன்று மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் மேற்கு இந்தியா இருந்தது. அப்போது பொங்கிய லாவாதான் தக்காணத்தை மூடியது. சில இடங்களில் கனம் 2 கி.மீ.க்கு மேல். இந்தியா வடக்கே விலக விலக, லட்சத்தீவு, மாலத்தீவு, அதற்கும் தெற்கே சாகோஸ் தீவுகள் என வெப்பப்புள்ளியின் தடம் தெற்கே நீண்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எரிமலை முதுமை அடையும் விதம். அடியிலிருந்து வரத்து நின்றதும் மழை அதை அறுக்கத் தொடங்குகிறது. கடற்தரையும் ஆறி, அடர்த்தி கூடி, மலையைச் சுமந்தபடியே தாழ்கிறது. ஆனால் வெப்பக்கடலின் பவளம் விடுவதில்லை. மலை தாழும் வேகத்துக்கு ஈடாக அது மேல்நோக்கி வளர்கிறது. கடைசியில் மலை முழுகிவிட, பவள வளையம் மட்டும் மிஞ்சுகிறது. டார்வின் 1842இலேயே இப்படித்தான் விளக்கினார். மாலத்தீவில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, சுமார் 2 கி.மீ. கனமுள்ள சுண்ணாம்புப் பாறையைத் தாண்டிய பிறகே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. அத்தனையும் பவளமும் மற்ற கடலுயிர்களும் கட்டியது!

ரீயூனியனில் இளமை, முதுமை இரண்டையும் ஒரே தீவில் பார்க்கலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிட்டோன் தெ நேஷ் எரிமலை அடங்கிவிட்டது. மழை அதை ஆழமான பள்ளத்தாக்குகளாக அறுத்திருக்கிறது. தென்கிழக்கே பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் என்ற இன்னொரு எரிமலை இன்னும் லாவா கக்குகிறது. 2007 ஏப்ரலில் உள்ளிருந்த குழம்பு வடிந்ததும், அதன் உச்சிக்குழியின் தரை 300 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது.