ஒட்டுற சாமானமா, தைக்கிற சாமானமா?

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒரு கார் போனால் ஆடு ஒதுங்கக்கூட இடமிருக்காது, அவ்வளவுதான் அகலம். எதிரில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்ததும் ஓரம் கட்டினேன், வேலியோரம் நட்டிருந்த கல் ஒன்று முன்சக்கரத்துக்கு மேலே வளைந்து ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையைப் பிளந்துவிட்டது. ஒரு சாண் நீளப் பிளவு. போதாக்குறைக்கு, உள்பக்கம் அதைப் பிடித்திருந்த இரண்டு லாக்கும் முறிந்து, வீடு வரும்வரை பட்டை நாய் நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டே வந்தது. பதினாலு வருடக் கார், நாலு கடை ஏறி இறங்கியும் அந்தப் பட்டை கிடைக்கவில்லை.

அப்புறம் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதல் நாள் சூப்பர் க்ளூ. காலையில் தொட்டதும் புண் பொருக்கு மாதிரி உரிந்தது. அடுத்த நாள் இரண்டு களிம்பைப் பிசைந்து வைக்கும் எபாக்சி. அது கல்லாக இறுகியது, ஆனால் பட்டையைக் கொஞ்சம் வளைத்ததும் முழுக்கட்டியாகக் கழன்று கையில் வந்தது. போர் பைப்புக்குத் தடவும் பிவிசி பசையைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் சந்தையன்று பிளாஸ்டிக் சேர், குடம் சரிசெய்து தரும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தால் ஒருதரம் சுரண்டிப் பார்த்தார். "தம்பி, இது ஒட்டற சாமானமில்லீங்க, தைக்கிற சாமானமுங்க" என்றார். எந்தப் பசை வலுவானது என்று நான் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், அவர் பார்த்தது பிளாஸ்டிக் எது என்பதை.

பட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். கார் பிளாஸ்டிக் பாகங்களின் பின்பக்கம் > < என்ற இரண்டு கொக்கிக் குறிகளுக்கு நடுவே, வார்க்கும்போதே பதித்த சின்ன எழுத்துகள் இருக்கும். பிபி என்றால் பாலிப்ரொப்பிலீன். பிபி-ஈபிடிஎம் என்றால் அதோடு ரப்பர் கலந்திருக்கிறது. டிடி20 என்று சேர்ந்திருந்தால் 20 சதவீதம் டால்க், முகத்துக்குப் போடும் பவுடரில் இருக்கும் அதே கனிமம்தான். ஏபிஎஸ் என்றிருந்தால் அது வேறு சாதிப் பிளாஸ்டிக். பம்பர், சக்கர வளைவு, கதவின் உள்பக்க உறையான டோர் பேடு எல்லாம் பெரும்பாலும் பிபி வகை. குரோம் பூச்சு போட்ட முன் கிரில் பெரும்பாலும் ஏபிஎஸ்.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் ஒரு சிட்டிகை சுரண்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வெறும் பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9, மிதக்கும், ஏபிஎஸ் 1.05, மூழ்கும். ஆனால் இதில் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது: 20 சதவீதம் டால்க் கலந்ததும் பாலிப்ரொப்பிலீனும் 1.04 பக்கம் ஏறி மூழ்கிவிடும். அதனால் மிதந்தால் நம்பலாம், மூழ்கினால் நம்பவேண்டாம். அப்போது வெளியே தெரியாத மூலையில் பஞ்சால் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு வையுங்கள். ஏபிஎஸ் என்றால் பிசுபிசுவென்று இளகும், பிபி கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

சரி, பிபி மேல் ஏன் பசை நிற்பதில்லை? பசை பிடிக்கவேண்டுமென்றால் முதலில் அது பரவவேண்டும். ஒரு திரவம் ஒரு பரப்பில் பரவுமா, முத்து முத்தாகத் திரண்டு நிற்குமா என்பது இரண்டுக்கும் உள்ள இழுவையைப் பொறுத்தது. பாலிப்ரொப்பிலீனின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது மேலே படுவதை இழுத்துப் பிடிக்கும் பலம், மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். எபாக்சிப் பசையின் பரப்பு இழுவிசை 40க்கு மேல், தண்ணீருக்கு 72. திரவம் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதைவிடத் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே தாமரை இலைத் தண்ணீர்தான். (தாமரை இலையில் மெழுகோடு நுண்ணிய மேடுபள்ளமும் சேர்ந்து வேலை செய்கிறது, அது தனிக்கதை.) பிபியின் மூலக்கூறு முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே; மெழுகுவர்த்தியின் பங்காளி என்றே சொல்லலாம். மெழுகுவர்த்தி உடைந்தால் யாராவது பசை தடவுவோமா? சூடு காட்டித்தானே ஒட்டுவோம்.

ஏபிஎஸ் இந்த விஷயத்தில் தங்கமான பிள்ளை. உடைந்த ஏபிஎஸ் துண்டுகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஒரு ராத்திரி ஊறப்போட்டால் தோசைமாவுப் பதத்துக்குக் கூழாகிவிடும். அதை உடைந்த இடத்தில் தடவினால் அசிட்டோன் இரண்டு பக்க விளிம்பையும் இளக்கி, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றுக்குள் ஒன்று கலக்கவிட்டு, பிறகு ஆவியாகிப் போய்விடும். அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரிதான் என்பதால் மேல்பக்கம் சீக்கிரமே காய்ந்த மாதிரி தெரியும், அதைப் பார்த்து ஏமாறாமல் ஒரு நாளாவது விட்டுவிடுங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் பளபளப்பு போச்சு, ஜன்னலைத் திறந்து வைக்காமல் செய்தால் தலைவலியும் நிச்சயம், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது என்று சொல்லவே வேண்டாம்.

லாக் உட்காரும் குழி உடைந்து கொஞ்சம் சதையே காணாமல் போயிருந்தால் சமையலறைக்குப் போங்கள். ஏபிஎஸ் மேல் சமையல் சோடாவைத் தூவி, அதன்மேல் சூப்பர் க்ளூவைச் சொட்டினால் சில நொடிகளில் சுர்ரென்று சூடாகி மாவுக்கல் மாதிரி இறுகும். இந்தப் பசை சயனோஅக்ரிலேட்; காற்றிலும் பரப்பிலும் இருக்கும் ஈரம்தான் வழக்கமாக அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்கும். சோடா காரத்தன்மை உள்ளது, அந்தத் தொடக்கத்தை ஒரே நேரத்தில் ஆயிரம் இடத்தில் வைத்துவிடுகிறது. இந்தப் பசையே ஒரு தற்செயல்தான்: 1942இல் ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது எதைத் தொட்டாலும் ஒட்டித் தொலைத்ததால் ஓரமாக வைக்கப்பட்டு, 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. ஆனால் இப்படி இறுகியது வளையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சரி, தினமும் அறைந்து சாத்தும் கதவுக்கு ஆகாது.

என் பட்டைக்கு வருவோம். பிபி சுமார் 165 டிகிரியில் உருகும், ஆறினால் பழையபடி இறுகும், ஒரு தரமல்ல, பல தரம். குடம் ஒட்டுகிறவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துச் செய்வது இந்த வித்தையைத்தான், நமக்குச் சால்டரிங் அயர்ன் போதும். பிளவின் இரண்டு ஓரத்தையும் உருக்கிக் கலக்கி, இட்டு நிரப்ப அதே இனத்துத் துண்டு ஒன்றைச் சேர்க்கவேண்டும். இங்கேதான் நான் இன்னொரு முட்டாள்தனம் பண்ணினேன். தோட்டத்தில் சொட்டுநீர் குழாய்த் துண்டுகள் கிடந்தன, அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு, உருக்கி இழைத்தேன், பார்க்க அச்சு அசலாக இருந்தது. ஒரே வாரத்தில் தோலுரிந்த மாதிரி நீளமாகக் கழன்றது. சொட்டுநீர் குழாய் பாலிஎதிலீன், 120 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஆனால் கொண்டான் கொடுத்தான் உறவு கிடையாது, உருகிய நிலையிலும் சங்கிலிகள் சரியாகக் கலப்பதில்லை. உடைந்த பிளாஸ்டிக் சேரின் கால் நல்ல பிபி, அதில் ஒரு கீற்று அறுத்துக்கொண்டதும் நின்றது.

உருக்குவதற்கு முன்னால் சேர்க்கார அண்ணன் செய்த ஒரு காரியத்தை நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பிளவு போய் முடிகிற நுனியைத் தேடி, சூடான ஆணியால் அங்கே ஒரு சின்ன ஓட்டை போட்டார். ஏற்கெனவே உடைந்ததில் இன்னொரு ஓட்டையா? துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள், ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு வைத்துவிட்டு டர்ரென்று கிழிப்பார்கள். நறுக்கின் கூர்நுனியில்தான் இழுக்கிற விசையெல்லாம் வந்து குவியும், அதனால் அடுத்த இழை, அடுத்த இழை என்று தானாகவே அறுந்துகொண்டு போகும். பிளாஸ்டிக்கிலும் அதே கணக்கு. நுனியை வட்டமாக்கிவிட்டால் விசை அந்த வளைவு முழுக்கப் பரவி, பிளவு அங்கேயே நின்றுவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பாக்கெட் முனையில் பார்டேக் என்ற நெருக்கத் தையல் அடிப்பதும் கிழிசல் அந்த முனையில் தொடங்கிவிடக்கூடாது என்பதற்குத்தான். ஆணியை ஏன் சூடாக்கவேண்டும் என்றால், உருகித் தள்ளப்பட்ட பிளாஸ்டிக் ஓட்டையைச் சுற்றி ஒரு தடித்த விளிம்பாக நின்றுகொள்கிறது; மழுங்கிய டிரில் போட்டால் சுற்றிலும் மயிரிழைக் கீறல்தான் மிஞ்சும்.

அப்புறம் தையல். பிளவின் இருபுறமும் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி ஓட்டை போட்டு, கட்டுக்கம்பியை உள்பக்கமாக முறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக்கை உருக்கி மூடினார். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலையேதான், இழுவையைக் கம்பி வாங்கிக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வளைந்த ஸ்டேப்ளர் முள்ளைச் சூடாக்கிப் புதைப்பதும் இதே தத்துவம்.

முறிந்த இரண்டு லாக்குக்குப் பதில் ஸ்குரூ போட்டு இறுக்கிவிடலாம் என்று கிளம்பினேன். அதுவும் பாதிதான் சரி. ஒரு மீட்டர் பிபி பட்டை, விடியற்காலைக்கும் வெயிலில் காய்ந்த மத்தியானத்துக்கும் நடுவே 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீளும், டால்க் கலந்திருந்தால் கொஞ்சம் குறையும். பின்னால் இருக்கும் இரும்போ அரை மில்லிமீட்டருக்குள். இரண்டு முனையையும் ஆடாமல் இறுக்கிவிட்டால் நடுவில் அப்பளம் மாதிரி உப்பும், இல்லை ஸ்குரூவைச் சுற்றி வெடிக்கும். அதனால் ஒரு முனையில் மட்டும் ஓட்டையை நீள்வாக்கில் அறுத்து, அகலமான வாஷர் போட்டு, லேசாக நகரும் அளவுக்கே முடுக்கவேண்டும்.

வேலைக்கு வெயில் நேரம்தான் நல்லது. பிபி சுழியம் டிகிரியை நெருங்க நெருங்க விறைத்து நொறுங்கும் குணத்துக்குப் போகும். ஊட்டியில் மார்கழி விடியலில் டோர் பேடைப் பிடுங்கினால் நல்ல லாக்கும் முறியும், காங்கேயம் உச்சி வெயிலில் அதே லாக் வளைந்து கொடுத்துக் கழலும்.

வெயிலே வில்லனும்தான். புற ஊதாக் கதிர் சங்கிலியை அங்கங்கே அறுத்து, ஆக்சிஜன் புகுந்து, மேல்தோல் பொடிந்து பட்டை சாம்பல் நிறமாகும். எங்கள் ஊர்ப்பக்கம் எண்ணெய் மில்லுக்குப் பஞ்சமில்லை, தேங்காய் எண்ணெயைத் துடைத்துவிட்டுக் கறுகறுவென்றாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். பொடிந்த பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் சாம்பல் தெரிகிறது, எண்ணெய் அந்தப் பள்ளங்களை நிரப்பி மறைக்கிறது, அவ்வளவே. இரண்டு நாளில் இட்டேரிப் புழுதி மொத்தமும் அதில் அப்பிக்கொள்ளும், பின்னால் எதையாவது ஒட்டவோ உருக்கவோ வேண்டுமென்றால் சோப்புப் போட்டுத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.

ஒன்றில் மட்டும் கை வைக்காதீர்கள். முன்கண்ணாடித் தூணின் உள்உறை, டேஷ்போர்டில் ஏர்பேக் என்று எழுதிய மூடி, இவை உள்ளேயிருக்கும் காற்றுப்பை விரியும்போது குறிப்பிட்ட இடத்தில் கழன்றோ கிழிந்தோ வழிவிடுகிற மாதிரி செய்யப்பட்டவை. அங்கே எபாக்சி வைத்து இறுக்கினால், விபத்து நேரத்தில் அது சில்லாக முகத்துக்கு வரும். அதற்கு மட்டும் காசு போனாலும் புதுசுதான்.

பட்டையை மாட்டி முடித்ததும் அண்ணனிடம் கேட்டேன், கட்டுக்கம்பி மழையில் துருப்பிடிக்காதா என்று. "பிடிக்குமுங்க. பிடிச்சா வாங்க, இன்னொருக்கா தெச்சுக்கலாம்" என்றவர், அடுத்த சேரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.