தலையிடியும் குருதிக்குறியும்

யாழ்ப்பாணத்தில் யாருக்கும் தலை வலிப்பதில்லை, இடிக்கத்தான் செய்யும். தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளில் ‘தலைவலி’ என்று எவ்வளவு படித்தாலும் வாயில் வருவது ‘தலையிடி’தான். உரலில் உலக்கை விழுகிற இடி அது. நின்று நின்று, நாடித் துடிப்போடு சேர்ந்து விழும். மைக்கிரேன் என்ற வருத்தத்தை இனங்காண சர்வதேசத் தலைவலிச் சங்கம் வகுத்த அளவுகோல்களில் ஒன்று, வலி துடிப்பாக இருக்கிறதா என்பது. ‘வலி’ என்ற பொதுச்சொல்லில் இல்லாத அந்தத் துடிப்பு ‘இடி’யில் இருக்கிறது.

மைக்கிரேனின் வேர் கிரேக்கம். ‘ஹெமி’ என்றால் பாதி, ‘கிரானியன்’ என்றால் மண்டையோடு. இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன் எழுதிய ‘ஹெமிக்ரேனியா’ லத்தீனுக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்கு வந்தபோது முதல் அசையை இழந்தது. தலைநோயின் பெயரே தலையில்லாமல்தான் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயுர்வேதம் இதற்கு ஒப்பான நோயை அர்த்தாவபேதகம் என்கிறது, பாதியைப் பிளப்பது என்று பொருள். தமிழில் ஒற்றைத் தலைவலி, எங்களிடம் ஒற்றைத் தலையிடி.

மூன்று மொழியும் ‘பாதி’யைத்தான் பிடித்துக்கொண்டன. நோய் அந்தப் பெயருக்குக் கட்டுப்படுவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு பக்கம் வலிப்பது, துடிப்பது, வலி நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருப்பது, படியேறி இறங்கினால் கூடுவது ஆகிய நான்கில் எவையேனும் இரண்டு இருந்தால் போதும். அதோடு ஓங்காளமோ சத்தியோ, இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து கூசுவதோ இருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தடவை 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும். இப்படி ஐந்து தடவையாவது வந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் இடித்தாலும் அது ‘ஒற்றை’த் தலையிடியாக இருக்கலாம்! அறைக் கதவைச் சாத்தி, நெற்றியில் வேர்க்கொம்பு அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் அம்மம்மாவை வைத்தே இந்த அளவுகோல்களை எழுதினார்களோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

இவற்றில் ஒன்றுகூட ஊசி குத்தி அறிவது இல்லை. எல்லாம் நோயாளியின் வாய்மொழி. என் பெரியம்மா ஒருமுறை றிப்போட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, ரத்தம் சோதிச்சாச்சு, ஸ்கானும் எடுத்தாச்சு. எல்லாம் நோர்மல் எண்டு எழுதிக் கிடக்கு. அப்ப எனக்கு இடிக்கிறது பொய்யோ?”

அந்தக் கேள்விக்குள்ளேதான் ‘பயோமார்க்கர்’ என்ற சொல் இருக்கிறது. உடலில் நடப்பதை, அது இயல்பான செயலாகட்டும், நோயாகட்டும், மருந்துக்கு உடல் காட்டும் விளைவாகட்டும், புறவயமாக அளந்து சொல்லக்கூடிய ஒரு பண்பு: அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழு 2001ல் வெளியிட்ட வரையறையின் சாரம் இது. சீனி வருத்தத்துக்கு ‘மூன்று மாதச் சீனி’ என்று நாங்கள் சொல்கிற எச்பிஏ1சி இருக்கிறது. மாரடைப்புக்கு இரத்தத்தில் பார்க்கும் ட்ரோபோனின் என்ற புரதம் இருக்கிறது. மைக்கிரேனுக்கு அப்படி ஒன்று கிடையாது.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘உயிரிக் குறிப்பான்’ என்று எழுதுகிறார்கள். உயிரி என்றால் உயிருள்ள ஒன்று. ஒரு பாசியோ பூச்சியோ சுற்றாடலின் நிலையைக் காட்டினால் அதற்கு இந்தப் பெயர் பொருந்தும். ‘உயிர்க்குறியீடு’ என்றும் கண்டிருக்கிறேன். குறியீடு என்றால் கணிதமும் கவிதையும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘உயிர்க்குறி’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மூச்சு, நாடி, உடற்சூடு ஆகியவற்றுக்கு விட்டுவைக்க வேண்டிய சொல் அது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன், பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஈறு கொடுத்து வளைக்கத் தயங்காதவர். 1875ல் வெளிவந்த அவருடைய இரசாயன நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. அவர் வழியில் போனால் ‘பயோமார்க்கம்’ என்று முடியும். அப்புறம் அது எந்த ஊருக்குப் போகிற மார்க்கம் என்று சனம் கேட்கும்.

என் கட்சி வேறு. சொல்லை வார்க்கும் அச்சு எங்களிடமே இருக்கிறது. சித்த மருத்துவம் நோயறியும் எட்டு வழிகளைச் சொல்கிறது: நாடி, தொடுகை, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர். சித்தர் தேரையரின் பாட்டு நாடியைக் ‘கைக்குறி’ என்றும் தொட்டறிவதை ‘மெய்க்குறி’ என்றும் சொல்லும். சிறுநீரின் நிறம், மணம், நுரை முதலியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, ஆழிபோல் வட்டமாகிறதா, முத்துப்போல் நிற்கிறதா என்று கவனிப்பது நெய்க்குறி. எதில் பார்க்கிறோமோ அதன் பெயர் முன்னே, ‘குறி’ பின்னே. இந்த எட்டில் இரத்தம் இல்லை, இடம் காலியாகவே கிடக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் குருதி அமுக்கம், குருதிச் சுற்றோட்டம் என்று படித்த எங்களுக்குக் ‘குருதிக்குறி’ என்பது புதுச்சொல்லாகவே படாது. உமிழ்நீரில் கண்டால் உமிழ்நீர்க்குறி. ‘குறி’ என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், தெரியும். மாட்டுக்குச் சுடுவதும் குறி, சலவைக்குக் கொடுத்த வேட்டியின் மூலையில் இடுவதும் குறி. இன்னதுதான் என்று அடையாளம் காட்டுவதுதான் அதன் வேலை.

மைக்கிரேன் ஆய்விலும் ஆரம்பத்திலேயே பேசியது நீர்க்குறிதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1961ல் இத்தாலிய மருத்துவர் சிக்கூட்டேரி, தலையிடி வந்த நேரத்தில் சிலரின் சிறுநீரில், நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற இரசாயனம் சிதைந்து உண்டாகும் கழிவுப்பொருள் கூடுவதைக் கண்டார். 1967ல் ஆஸ்திரேலியாவில் லான்ஸ் குழுவினர், அதே நேரத்தில் இரத்தத்தில் செரட்டோனின் குறைவதை அளந்தார்கள். 1990ல் கோட்ஸ்பி, எட்வின்சன் ஆகியோர் கண்டது இன்னும் பெரிது: மைக்கிரேன் தாக்கம் நடக்கும்போது கழுத்தின் வெளிநாளத்து இரத்தத்தில் சிஜிஆர்பி என்ற சிறு புரதத்துண்டு உயர்ந்திருந்தது. கல்சிட்டோனின் என்ற ஹோர்மோனுக்கான அதே பரம்பரையலகிலிருந்து (ஜீன்) உருவாகும் இது, நரம்பு முனைகளிலிருந்து சுரந்து இரத்தக் குழாய்களை விரிப்பது.

ஆனால் அந்த உயர்வு முழங்கை மடிப்பில் எடுத்த இரத்தத்தில் தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் எங்களுக்கு ஊசி குத்துவது அங்கேதானே! தலையில் சுரந்தது உடல் முழுதும் ஓடும் இரத்தத்தில் கலந்து நீர்த்துவிடுகிறது, போதாததற்குச் சில நிமிடங்களிலேயே பாதியாகச் சிதைந்தும் விடுகிறது. 2005ல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரே ஆட்களிடம் தாக்கத்தின்போதும் இல்லாதபோதும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். கழுத்து நாளத்திலும் வேறுபாடு இல்லை. 2013ல் ஸ்பெயினில், நாட்பட்ட மைக்கிரேன் உள்ள பெண்களின் கை நாளத்தில், தலையிடி இல்லாத நாளிலேயே சிஜிஆர்பி கூடுதலாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. நோயாளி இருட்டறையில் சுருண்டு கிடக்கும் நேரத்தில் போய் இரத்தம் எடுப்பதும் லேசான காரியமா?

விசித்திரம் என்னவென்றால், குறி கைக்கு வருவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. சிஜிஆர்பியை நாளத்தில் செலுத்தினால் மைக்கிரேன் உள்ளவர்களுக்குத் தலையிடி கிளம்புகிறது என்று 2002ல் காட்டினார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை மறிக்கும் ஊசிமருந்துக்கு அமெரிக்காவில் 2018ல் அனுமதி கிடைத்தது. அதாவது, நோயை எழுப்பும் பொருள்களில் ஒன்று தெரியும். ஒருவரின் கையில் இரத்தம் எடுத்து ‘இவருக்கு இதுதான்’ என்று சொல்ல அது உதவவில்லை.

‘ஒருதலை’ என்ற பழஞ்சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, ஒரு பக்கம். ஒருதலைக் காமம் அப்படி வந்தது. மற்றது, உறுதி. நல்ல அமைச்சன் ‘ஒருதலையாச் சொல்லல்’ வல்லவனாக இருக்க வேண்டும் என்று வள்ளுவர் எழுதியது இந்தப் பொருளில். ஒருதலை நோய்க்கு ஒருதலையாகச் சொல்லும் குருதிக்குறியைத்தான் தேடுகிறார்கள்.

பெரியம்மாவுக்கு டொக்டர் எழுதிக்கொடுத்த முதல் சோதனை நாட்குறிப்பு. குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில், இடிக்கிற நாளில் ஒரு புள்ளடி, சத்தியும் வந்தால் இரண்டு. மூன்றாம் மாதம் கலண்டரையே கழற்றிச் சுருட்டிக் கொண்டுபோனார். டொக்டர் அதை மேசையில் விரித்து, புள்ளடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.