கதிர்வீச்சு பட்ட விதையில் களி கிண்டலாமா?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ராகிக் கொல்லை. குலை நோய் விழுந்து, கதிர்க் கழுத்து கருத்து, பாதிக்குப் பாதி மணி பிடிக்காத சாவி. நோய் தாங்கும் ரகங்களைக் கதிர்வீச்சு மூலமும் உருவாக்குகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கொல்லைக்கார அம்மா உடனே கேட்டார்: "அணு வெச்ச விதையா சார்? அதுல களி கிண்டித் தின்னா புத்துநோய் வராதா?"

பயிர் நோய் பார்க்கும் வேலையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். நியாயமான கேள்விதான்.

விதையில் பாய்ச்சுவது பெரும்பாலும் கோபால்ட்-60இலிருந்து வரும் காமா கதிர். அது மரபணுவில் சில இடங்களை மாற்றிவிட்டுப் போய்விடும், விதைக்குள் தங்காது. எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தவர் பக்கத்தில் உட்கார நாம் பயப்படுவதில்லையே! தவிர, நம் கைக்கு வருவது அந்த விதையே அல்ல. பல தலைமுறை தாண்டிய அதன் வாரிசு. வேறு உயிரின் மரபணு எதையும் இதில் சேர்ப்பதும் இல்லை.

கதிர் பட்டதும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. மாற்றம் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலும் கெடுதலாகத்தான் விழும். பல நல்ல குணங்கள் இரண்டாம் தலைமுறையில்தான் தலைகாட்டும். அதனால் ஆயிரக்கணக்கில் செடி வளர்த்து, நடுநடுவே நோய்க்குச் சட்டென விழும் ரகத்தை விதைத்து, நோயை வேண்டுமென்றே பரப்புவார்கள். கருகிய வயலில் பச்சையாக நிற்கும் ஒன்றிரண்டு செடிதான் மிச்சம். அப்புறம் அதைப் பல வருடம் சோதிக்க வேண்டும்.

1942இல் ஜெர்மனியில் எக்ஸ்ரே காட்டிய பார்லியில் சாம்பல் நோய் ஏறாத செடி ஒன்று கிடைத்தது. பூஞ்சை உள்ளே நுழையத் துணைபோன மரபணுவே அதில் பழுதாகியிருந்தது. எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது. இலையில் தானாகப் புள்ளி விழும் குறை இருந்தாலும், அந்த எதிர்ப்பு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. கோதுமையில், உகாண்டாவில் 1998இல் தென்பட்ட கொடிய தண்டுத் துரு நோய்க்கு எதிராக, 2014இல் கென்யா எல்டோ ங்கானோ 1 என்ற ரகத்தை இதே வழியில் வெளியிட்டது.

ஆனால் எல்லா எதிர்ப்பும் அப்படி நிலைக்காது. குலை நோய்ப் பூஞ்சை தன்னையே மாற்றிக்கொள்ளும். எந்த ரகம் போட்டாலும் யூரியாவை அள்ளிக் கொட்டினால் நோய் ஏறும்.

அந்த அம்மாவிடம், இந்தக் கொல்லையிலிருந்து விதை எடுத்து வைக்காதீர்கள் என்றேன். அடுத்த ஆடிப்பட்டத்துக்குச் சான்று அட்டை உள்ள விதை வாங்கி, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து விதைக்கச் சொன்னேன். ரகத்தைப் பற்றிப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்க, மகனோடு போவதாகச் சொன்னார்.