மூச்சை விட்டுவிட்டு எடுக்கவேண்டிய ஸ்கான்

சோறு சாப்பிட்டு அரை மணிக்குள் மேல்வயிற்றில் நோ. சாப்பிடவே பயந்து உடம்பு மெலிகிறது. எண்டொஸ்கொப்பியில் ஒன்றுமில்லை, குளிசைக்கும் அடங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இதற்கு 'காஸ்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்ற பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் இரைப்பைக்குக் குருதி கொண்டுபோகும் குழாயையும் பார்க்கவேண்டும்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டைப் பெருநாடி தாண்டியதும் முன்பக்கமாகக் கிளைப்பது சீலியாக் நாடி. இரைப்பை, ஈரல், மண்ணீரலுக்கான குருதி இதன்வழியே போகிறது. பிரிமென்றகட்டிலிருந்து கால்போல் இறங்கும் இரு தசைக்கற்றைகளையும் இணைக்கும் நார்ப்பட்டி சிலருக்குச் சற்றுத் தாழ்ந்திருந்து, இந்த நாடியை மேலிருந்து அழுத்தும். மூச்சை விடும்போது நாடி மேலெழுந்து பட்டியோடு இறுகும். இழுத்தால் இறங்கித் தளரும்.

வில்லங்கமே அதுதான். வயிற்று சி.ரி. ஸ்கானில் வழமையாக, "மூச்சை நல்லா இழுத்துப் பிடியுங்கோ" என்பார்கள். இறுக்கம் தளரும் அந்த நொடியில்தான் படம் பதிவாகிறது. மூச்சை விட்ட நிலையிலும் எடுக்கும்படி கோரிக்கைத் துண்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

முதலில், ஒலி அலையால் குருதியோட்டத்தை அளக்கும் டொப்ளர் ஸ்கான் போதும். குடல்வாயு மறைக்காதிருக்க 6 முதல் 8 மணிநேரம் வெறுவயிறு. நெஞ்செலும்புக்குக் கீழே ஸ்கான் கருவியின் முனையான புரோப்பை நெடுக்காக வைத்து, மூச்சை விட்டும் இழுத்தும் குருதியின் உச்ச வேகத்தை அளப்பார்கள். செக்கனுக்கு 200 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் சாதாரணம். மூச்சை விட்டபோது 350ஐத் தாண்டி, இரு நிலைகளுக்கிடையே நாடியின் திசை 50 பாகைக்கு மேல் மாறினால் சந்தேகம் வலுக்கும். பிழை விடுவது பெரும்பாலும் கோணத்தில்: வளைந்த நாடியில் ஒலி அலைக்கும் குருதியோட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகையைத் தாண்டினால், சிறு தவறும் வேகத்தை எகிறவைத்துக் காட்டும்.

சி.ரி.யில் குறுக்குவெட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் தவறிவிடும். பக்கவாட்டு வெட்டில் நாடி தூண்டில் கொக்கிபோல் கீழே வளைந்து, ஒடுக்கத்துக்கு அப்பால் வீங்கித் தெரியும். ஒடுக்கம் நாடி தொடங்கும் இடத்திலேயே, சுண்ணாம்புப் படிவோடு இருந்தால் அது கொழுப்பு அடைப்பாக இருக்கலாம். அதே வெட்டில் அடுத்த கிளையான மேல் குடல்நாடியையும் பார்த்துவிடலாம். பெருநாடியோடு அது அமைக்கும் கோணம் 25 பாகைக்குக் குறைந்து, இடைவெளி 8 மில்லிமீற்றருக்குள் சுருங்கினால் நசிவது இரண்டுக்கும் நடுவே போகும் முன்சிறுகுடல். இவர்களுக்குச் சத்தியும் வரும்.

கொக்கி தெரிந்ததும் சத்திரசிகிச்சைக்கு ஓடவேண்டியதில்லை. நோவே இல்லாத பலரிலும் இந்த ஒடுக்கம் உண்டு. நாடியைச் சுற்றியுள்ள நரம்புப் பின்னலும் பட்டியில் நசிவதால், சி.ரி. வழிகாட்டலில் அங்கே விறைப்பு மருந்து ஏற்றிப் பார்ப்பார்கள். அதன்பின் சாப்பிட்டும் சில மணிநேரம் நோ வராவிட்டால், பட்டியை வெட்டிவிடுவது பற்றிப் பேசலாம்.