முட்டை ஓடு பல்லுக்கு எவ்வளவு தூரம் ஈடாகும்?

அமிலம் பல்லை எப்படிக் கரைக்கிறது என்று காட்ட, பள்ளி அறிவியல் கண்காட்சியில் பல்லுக்குப் பதிலாக முட்டை ஓட்டை வைப்பதுண்டு. முட்டையை வினிகரில் போட்டால் ஓட்டின் மேல் குமிழி பொங்கும். பல்லைப் போட்டால் அப்படிப் பொங்காது. பள்ளிக் கண்காட்சி அட்டைகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த வேறுபாடுதான்.

ஓட்டின் எடையில் சுமார் 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே பொருள். அமிலம் பட்டதும் கார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. பல்லின் மேலுறையான எனாமலிலும் 96 விழுக்காடு கனிமம்தான். ஆனால் அது ஹைட்ராக்சி அபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் வகை. கார்பனேட் அதில் சில விழுக்காடு மட்டுமே. அதனால் சத்தமில்லாமல் கரைகிறது. கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் ஓட்டில் உள்ள கால்சைட்டுக்கு 3, எனாமலுக்கு 5. ஓட்டின் தடிமன் 0.3 முதல் 0.4 மி.மீ.; எனாமல் கடைவாய்ப் பல்லில் 2.5 மி.மீ. வரை இருக்கும்.

ஆக, ஓடு பல்லுக்கு ஈடாவது ஒரே ஒரு விஷயத்தில்: அமிலம் இரண்டிலிருந்தும் கால்சியத்தைப் பிரித்தெடுக்கும். அதை அளந்து காட்டினால் போதும், நல்ல செயல்திட்டம் ஆகிவிடும்.

முழு முட்டையை எடை போட்டு ஒப்பிடாதீர்கள். ஓடு கரையும்போதே சவ்வு வழியாக நீர் உள்ளே புகுந்து முட்டை ஊதிவிடும். எடை குறைவதற்குப் பதில் கூடிக்கூடப் போகலாம். உடைத்த ஓட்டைக் கழுவி, உள்சவ்வை உரித்து, நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் 1 கிராம் எடுங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. சவ்வை விட்டுவைத்தால் ஓட்டின் ஒரு பக்கம் அமிலத்துக்கு மறைந்துபோகும், எடையும் தப்பாகும்.

1 கிராம் ஓட்டைக் கரைக்க, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் ஏறத்தாழ 1.2 கிராம் தேவை. 5 விழுக்காடு வினிகரில் அது 24 மி.லி. ஆகவே 50 மி.லி. ஊற்றுங்கள். முழு முட்டை என்றால் ஓடே 5, 6 கிராம் வரும். சின்ன டம்ளர் வினிகரில் அது பாதியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம் அமிலம் தீர்ந்துபோவதுதான். இன்னொரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், மூன்றாவதில் வாயு போன கோலா. 24 மணி நேரம் கழித்து அலசி, காயவைத்து, மறுபடி எடை போடுங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டாம்: கால்சியம் சிட்ரேட் வெள்ளைப் பொடியாக ஓட்டின் மேலேயே படிந்து கணக்கைக் குழப்பும்.

கோலாவில் எடை அவ்வளவாகக் குறையாது. அதன் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2.5 அளவில், வினிகருக்குச் சமமாகவே இருந்தாலும், 200 மி.லி.யில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் சுமார் 0.1 கிராம்தான். கோலாவில் போட்டால் ஒரே இரவில் பல் கரைந்துவிடும் என்ற கதை இதனால்தான் நிற்காது. வாயில் நிலைமை வேறு: அடிக்கடி உறிஞ்சும்போது ஒவ்வொரு முறையும் புது அமிலம் வந்து சேர்கிறது, பி.எச். ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அமிலத்தைத் தணித்து, கனிமத்தையும் ஓரளவு திருப்பிக் கொடுக்கும். கிண்ணத்தில் எச்சில் இல்லை.

ஃபுளோரைடு பல்லைக் காக்கும் என்று காட்ட, ஃபுளோரைடு பற்பேஸ்ட் பூசிய முட்டை வினிகரில் கரையாமல் தப்பிக்கும் சோதனையைச் செய்வதுண்டு; அதை அப்படியே நம்பிவிட முடியாது. கழுவாத பேஸ்ட் வெறும் தடுப்புப் பூச்சாகவே வேலை செய்யும். பல பேஸ்ட்களில் கால்சியம் கார்பனேட் தூளும் உண்டு. குமிழி அதிலிருந்தே வரும். பேஸ்ட்டை முழுதாகக் கழுவிவிட்டு, ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் பூசிய ஓட்டையும் பக்கத்தில் வையுங்கள்.

பல்லின் உள்ளடுக்கான டென்டினுக்கு ஓட்டைவிட நெருங்கிய உறவு கோழி எலும்பு. இரண்டிலும் அபடைட்டும் கொலாஜன் என்னும் நார்ப் புரதமும் சேர்ந்திருக்கின்றன. மெல்லிய எலும்பை வினிகரை மாற்றி மாற்றிச் சில நாள் ஊறவைத்தால் கனிமம் போய், ஒடியாமல் வளையும்.