மியூட் பொத்தான் யார் கையில்?

2020 மார்ச் 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தபோது, எங்கள் அலுவலக மூலையில் ஒரு நோட்டீஸ் கட்டு பிரிக்காமல் கிடந்தது. மார்ச் 28, சனிக்கிழமை மாலை 5 மணி, சந்தைத் தெருப் பள்ளி வளாகத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம், அனைவரும் வருக. சாமியானாவுக்கும் மைக் செட்டுக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. அந்தப் பணத்தைப் பந்தல்காரர் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வைகாசி முகூர்த்தங்கள் எல்லாம் கையைவிட்டுப் போன ஆண்டு அவருக்கு.

எங்கள் தொழிலுக்குத் தமிழில் இன்னும் நல்ல பெயர் அமையவில்லை. 'மக்கள் பங்கேற்புப் பணி' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறோம். தெருவில் எங்களைக் 'கணக்கெடுக்க வந்தவர்கள்' என்பார்கள். ஒரு சாலையையோ கால்வாயையோ சந்தையையோ திருத்திக் கட்டத் திட்டமிடும்போது, அங்கே வாழ்கிறவர்களிடம் திட்டத்தை விளக்கி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, எழுதித் தருவது வேலை. எங்களுடையது ஏழு பேர் கொண்ட சிறிய நிறுவனம். அந்த ஆண்டு கையில் இருந்தது வடசென்னையில் ஒரு சந்தைத் தெரு: மழைநீர் வடிகால், அகலமான நடைபாதை, நூற்றுச் சொச்சம் நடைபாதை வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்குவது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் அப்போது ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. பெருந்தொற்று நேரத்தில் தெருவின் சார்பாகப் பேச, தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு ஆள் யாரும் கிடையாது. முந்தைய கூட்டங்களின் வருகைப் பதிவேட்டில் எங்கள் எண்ணைப் பார்த்தவர்கள், ரேஷன் டோக்கனுக்கும் பூட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். கூலிக்குக் கருத்துக் கேட்க வந்தவர்களைக் கவுன்சிலர் நாற்காலியில் உட்கார வைத்தது அந்த ஆண்டு.

ஏப்ரல் முதல் வாரத்தில் எங்களை அமர்த்திய அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கூட்டம் நடத்த முடியாததால் தொலைபேசி வழியாகக் கருத்துக்கேட்பைத் தொடரலாம், கால அட்டவணையில் மாற்றமில்லை என்று. நாங்களும் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க ஆரம்பித்தோம். எண்ணை அழுத்தியதும் முதலில் கேட்டது இருமல். கொரோனா எச்சரிக்கைக்காக எல்லா அழைப்புகளுக்கும் முன்னால் ஒலித்த அந்த இருமலை 2020இல் போன் வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது ஓய்ந்து, மறுமுனையில் ஒரு கீரைக்கார அம்மா எடுத்தார். நடைபாதை எட்டடி அகலம் இருந்தால் போதுமா, பத்தடி வேண்டுமா என்று எங்கள் கள அலுவலர் கேட்டார். "கடையே இல்லை, இதில் நடைபாதை எத்தனை அடி இருந்தால் எனக்கு என்ன தம்பி?" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே கேள்வித்தாளை எடுத்து வைத்தோம். இரண்டு மாதம் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த மாதங்களுக்கான தவணை நின்றது. இரண்டு பேருக்குப் பாதிச் சம்பளம்தான் தர முடிந்தது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நெருக்கடியில் இருக்கிறவரிடம் கேட்டு வாங்கும் பதில் பதிலே அல்ல. ஆளை அனுப்பிவிடுவதற்காக எதையாவது சொல்வார்கள். அதை அட்டவணையில் ஏற்றி, 'பயனாளிகளில் பெரும்பாலோர் ஆதரவு' என்று எழுதுவது மிக எளிது. எழுதியவர்களும் உண்டு.

அந்த இரண்டு மாதமும் நாங்கள் செய்தது, கேட்டுத் தெரிந்து சொல்வது மட்டும். அரசு அறிவித்த ஆயிரம் ரூபாய் எந்த அட்டைக்கு உண்டு, எந்தத் தெரு எப்போது அடைக்கப்பட்டிருக்கிறது, ஜூனில் அறிவித்த நடைபாதை வியாபாரிகளுக்கான 10,000 ரூபாய் மத்திய அரசுக் கடனுக்கு என்ன சான்று வேண்டும் என்பது போன்றவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் விசாரித்து அழைத்துச் சொன்னோம். மறுநாள் அழைத்ததுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

நேரில் போகவும் முடியாது. தொற்று உறுதியான வீட்டு வாசலில் தகரம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டிய காலம் அது. சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்து விரட்டியது ஏப்ரல் மாதத்தில்தான். அடையாள அட்டையும் கையில் பட்டியலும் வைத்துக்கொண்டு யார் தெருவுக்குள் வந்தாலும், அடுத்து தகரம் வரப்போகிறது என்றே மக்கள் நினைத்தார்கள். வீட்டு வாசலில் அப்படி ஒட்டுவது, உரிய அதிகாரி உத்தரவிட்டாலொழியத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது டிசம்பரில். அதற்குள் அந்த அச்சம் தெருவில் ஊறிப்போயிருந்தது.

ஆக, மீண்டும் போன்தான். ஜூலையில் திட்டப் பேச்சைத் தொடங்கினோம். போனில் ஒரு தெருவைச் சந்திப்பது எப்படி என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. பதிவேட்டில் இருந்த எண்களில் பாதி, கணவனுடையது அல்லது மகனுடையது. வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போனைப் பிள்ளை ஆன்லைன் வகுப்புக்கு எடுத்துக்கொண்டிருந்தது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18 கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புற வீடுகளில் இணைய வசதி உள்ளவை நூற்றுக்கு 42, கிராமங்களில் 15. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, 'இணையவழிக் கருத்துக்கேட்பு' என்று ஒரு சொல்லை உருவாக்கியவரின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

நேரமும் பிடிபடவில்லை. மே 5இல் கோயம்பேடு சந்தையை மூடிய பிறகு மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. எங்கள் தெரு வியாபாரிகள் நள்ளிரவில் கிளம்பி, அவ்வளவு தூரம் போய்ச் சரக்கு எடுத்து, விடியலில் திரும்பி, விற்று முடித்து, பகல் பதினொன்றுக்குப் படுப்பார்கள். நாங்களோ அலுவலக நேரமென்று பதினொன்றுக்குத்தான் அழைத்துக்கொண்டிருந்தோம்! இரண்டு வாரத் திட்டு வாங்கிய பிறகு மதியம் மூன்றரைக்கு மாற்றினோம். பெண்களுக்கும் அதுதான் தோதான நேரம். வீட்டில் மற்றவர்கள் உறங்குவார்கள்.

எதிர்பாராத லாபம் அங்கேதான் கிடைத்தது. கூட்டங்களில் வாய் திறக்காத பெண்கள் போனில் அரை மணி நேரம் பேசினார்கள். வரைபடத்தில் பொதுக் கழிப்பறையைத் தெருவின் வடக்கு முனையில், டாஸ்மாக் கடையை ஒட்டிப் போட்டிருந்தோம். ஐந்து கூட்டங்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. மீன் விற்கும் ஓர் அம்மா போனில் சொன்னார்: "நீங்கள் கட்டும் கழிப்பறைக்கு ஆண்கள் போவார்கள். நாங்கள் பழையபடி அடக்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவோம்." அடுத்தடுத்துப் பதினோரு பெண்கள் அதையே சொன்னார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தெரியாமல்.

தெரியாமல் என்பதுதான் சிக்கலும். பதினொருவரும் ஒரே இடத்தில் அதைச் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே அது கோரிக்கை ஆகியிருக்கும். போனில் சொன்னபோது அது எங்கள் கணினியில் பதினோரு வரிகள். அதைக் கோரிக்கையாக எழுதுவதா, 'சிலர் மாற்றுக் கருத்துத் தெரிவித்தனர்' என்று எழுதுவதா என்பது எங்கள் கையில். கூட்டத்தில் மக்கள் எங்களிடம் மட்டும் பேசுவதில்லை, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறார்; 'ஆமாம், எனக்கும்' என்கிறார். எங்கள் தொழிலில் பலரும், நான் உட்பட, கூட்டத்தைத் தகவல் திரட்டும் இடமாக மட்டுமே பார்த்துப் பழகியிருந்தோம். அது எங்கள் கையிலிருந்து போன பிறகுதான் அதில் என்ன இருந்தது என்று தெரிந்தது.

ஆகஸ்டில் ஒரு ஜூம் கூட்டம் நடத்தினோம். பில்லுக்குக் 'கூட்டம் நடத்தியதற்கான புகைப்படம்' வேண்டுமாம். திரையில் 23 கட்டங்கள். 14 கட்டங்களில் அதிகாரிகள். தெருவிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் பேரப் பிள்ளைகள் பிடித்துக் கொடுத்த போனில் நெற்றி மட்டும் தெரிய இருந்தார்கள். ஒரு பூக்காரர் இடம் ஒதுக்கீடு பற்றிக் கொஞ்சம் சூடாகப் பேசத் தொடங்கினார். பின்னணிச் சத்தம் அதிகம் என்று அவருடைய ஒலி நிறுத்தப்பட்டது. நிறுத்தியது எங்கள் அலுவலகப் பையன்தான், நல்லெண்ணத்தில்தான். ஆனால் அந்த மனிதர் தன் குரல் போகவில்லை என்று அறியாமலே இரண்டு நிமிடம் பேசி முடித்துக் கும்பிட்டார். பந்தலில் ஒருவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினால் ஊரே பார்க்கும், நான்கு பேர் எழுந்து நின்று கேட்பார்கள். திரையில் பிடுங்கினால் பிடுங்கப்பட்டவருக்கே தெரிவதில்லை. அதன் பிறகு நாங்கள் ஜூம் பக்கம் போகவில்லை.

இது எங்கள் தெருவோடு முடிகிற கதை அல்ல. தமிழ்நாட்டில் அப்போது ஆண்டுக்கு நான்கு கிராம சபைகள். 2020இல் ஜனவரி 26 நடந்ததோடு சரி. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் நடக்கவில்லை. பல மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள் பதவியேற்றதே அந்த ஜனவரியில்தான். டாஸ்மாக் மே மாதமே திறந்து, நீதிமன்றத்தால் மூடப்பட்டு, மறுபடி திறந்தது. கிராம சபைக்கு மட்டும் ஊர் மந்தையில் இடைவெளி விட்டு உட்கார வழி கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றுவரை செரிக்காத விஷயம்.

பெரிய திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராயும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளை மாற்றும் வரைவு அறிக்கையும் அதே ஊரடங்கில்தான் பொதுமக்கள் கருத்துக்கு வந்தது. கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொன்னதும் டெல்லி உயர் நீதிமன்றம். பொது விசாரணைக்கு முன் மக்களுக்குக் கொடுக்க வேண்டிய 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்கும் யோசனை அந்த வரைவுக்குள்ளேயே இருந்தது.

நடப்பில் இருக்கும் 2006ஆம் ஆண்டு விதியில் ஒரு நல்ல அம்சம் உண்டு, பலருக்கும் தெரியாது. பொது விசாரணையின் முடிவில், மக்கள் சொன்னவை அனைத்தையும் சுருக்கமாக எழுதி அங்கேயே, அந்த ஊர் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். ஒப்புக்கொண்ட குறிப்பில் ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ அன்றே கையெழுத்திட வேண்டும். எங்கள் சந்தைத் தெருத் திட்டத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் அதைக் கடன் வாங்கினோம். ஒவ்வொருவரையும் இரண்டாம் முறை அழைத்து, 'நீங்கள் சொன்னதாக நாங்கள் எழுதியிருப்பது இது' என்று வாசித்தோம். திருத்தம் சொல்லாதவர் அபூர்வம். பிறகு பெயரை நீக்கிவிட்டு, 'உங்கள் தெருவில் மற்றவர்கள் சொன்னவை இவை' என்று இரண்டு நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்ஆப்பிலும், சாதா போன்காரர்களுக்குத் தானியங்கி அழைப்பாகவும் அனுப்பினோம். கழிப்பறை விஷயம் அப்படித்தான் தெருவில் பரவி, கோரிக்கையாக எங்களிடமே திரும்பி வந்தது. கூட்டத்துக்கு அது ஈடல்ல. ஈடாக ஒரு கால் பங்கு இருக்கலாம்.

இப்போது கூட்டங்கள் திரும்பிவிட்டன, போன் கருத்துக்கேட்பும் போகவில்லை. மலிவு, சீக்கிரம், யாரும் வெளிநடப்புச் செய்ய முடியாது. நாளை உங்களையும் யாரேனும் அழைத்து, உங்கள் பகுதித் திட்டம் பற்றிக் கருத்துக் கேட்கலாம். யார் சார்பில் அழைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிவு செய்கிறார்களா என்று கேளுங்கள். ஆதார் எண்ணோ ஓடிபியோ கேட்டால் அந்த நொடியே வைத்துவிடுங்கள், கருத்துக்கு அவை தேவையே இல்லை. எழுதிக்கொண்டதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் சொன்னதை எப்போது, எங்கே கேட்கலாம் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தடுமாறுகிறவரிடம் 'சம்மதம்' என்ற சொல்லை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நடைபாதை வியாபாரி என்றால் இன்னொன்று: 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் தொழில் விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக, அவர்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் போன் பட்டியல் அந்தக் குழுவுக்கு மாற்றாகாது.

2021 ஜனவரி இறுதியில் பள்ளி வளாகத்தில், ஊரடங்குக்குப் பிந்தைய முதல் கூட்டம் போட்டோம். அதே பந்தல்காரர், பழைய முன்பணத்தைக் கழித்துக்கொண்டார். ஆறடி இடைவெளியில் நாற்காலிகள். மீன் விற்கும் அம்மாவை எனக்குக் குரலில்தான் தெரியும். முகக்கவசத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான் என்று கூட்டம் முடிந்த பிறகே தெரிந்தது. இரண்டு மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மைக்கைக் கொண்டுபோய் நீட்டியபோது தலையை ஆட்டி மறுத்துவிட்டார். இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தது.

"கழிப்பறையைத் தெற்கே மாற்றினீர்களே, சரி. குழாயை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள். உள்ளே வையுங்கள். எழுதிக்கொண்டாயா? வாசித்துக் காட்டு."